வெள்ளைச் சட்டை உடம்பு

மீட்டர் பார்க்க ஒரு வீட்டுக்குள் போகிறவன் செருப்பை வாசலில் விட வேண்டும், செருப்போடு இன்னொன்றையும் கழற்றி விட வேண்டும் என்று பெரியப்பா சொல்வார். அந்த இன்னொன்று என்ன என்பதுதான் குணாளனுக்கு நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. வாக்கியம் சரியாக அந்த இடத்துக்கு வரும்போது ஒரு தும்மல் குறுக்கே விழுந்துவிடுகிறது. பொடி போடுகிறவர்களுக்கே வாய்த்த, வீட்டை ஒரு முறை தூக்கிப் போடும் பெரியப்பாவின் தும்மல். தும்மலுக்கு அந்தப் பக்கம் மிச்சம் முழுசாக இருக்கிறது: "வீடுன்னா எல்லாந்தான் இருக்கும்." நடுவில் ஒரு சொல் மட்டும் காணோம். கண்ணையா விடச் சொன்னார், வாயையா? மின்வாரியத்தில் ரிட்டயர் ஆகும் வரைக்கும் முசிறியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு வீடாக ஏறி இறங்கி ரீடிங் எடுத்த மனிதர், யாருக்கும் சொல்வதாக இல்லாமல், சோற்றைப் பிசைந்தபடி தட்டைப் பார்த்துச் சொல்வார். பெரியம்மா காதில் வாங்காமல் ரசத்தை ஊற்றுவாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆன சமாச்சாரம். இப்போது, வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டது இன்னும் நெஞ்சிலேயே நிற்க, திருச்சியில் தன் வாடகை வீட்டின் நடு அறையில் உட்கார்ந்து, முசிறியில் இருக்கிற ஒரு ஃப்ளெக்ஸ் கடையின் கம்ப்யூட்டருக்குள் ரிமோட்டில் நுழைந்து, அந்தக் கடைக்காரனின் மௌஸைத் தன் கையால் நகர்த்திக்கொண்டிருக்கும்போது அது ஏன் வர வேண்டும்? வந்தது. ஒரு நாளைக்கு எட்டுப் பத்து கம்ப்யூட்டருக்குள் இப்படி நுழைகிறான். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் வீடு, அதுவும் முன்கூடத்தைத் தாண்டாமல் நேராகக் கொல்லைப்புறத்தில் போய் இறங்குகிற மாதிரி. திரை முழுக்க ஐகான்கள் ஈ மொய்த்தாற்போல. நடுவில் கடைக்காரனின் குழந்தை கேக்கில் கையை விட்டபடி சிரிக்கிறது. அதன் கண்மேல் ஒரு பிடிஎஃப், வாய்மேல் யாருடைய ஆதார் கார்டோ. அவன் அதையெல்லாம் பார்க்க விரும்பவில்லை. பார்ப்பதுதான் வேலை.

சென்னையில் ஒரு கம்பெனி தமிழ் ஃபான்ட்களும் டைப் அடிக்கிற மென்பொருளும் விற்கிறது. அச்சகம், கல்யாணப் பத்திரிகைக் கடை, ஃப்ளெக்ஸ் கடை, விளம்பர ஏஜென்சி என்று வாங்கினவர்களுக்கு எழுத்து ஓடிப்போனால், எழுத்து கட்டம் கட்டமாக நின்றால், போனை எடுக்கிறவன் குணாளன். எடுத்தவுடன் ஒரு குரல் வரும், அவனுடைய குரல், "வணக்கம் சார், சொல்லுங்க சார்" என்று எண்ணெய் தடவிய ஒரு குரல். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் அது எங்கிருந்தோ வந்து தொண்டையில் குடியேறிவிட்டது, அதைக் கேட்டால் அவனுக்கே பிடரி கூசும். சேலத்தில் ஒரு நகைக்கடை அம்மாள், விளம்பரத்தில் ழகரத்தின் வால் தன் ஆரத்தின் மேல் இடிக்கிறதாம், வாலை வெட்டிக் கொடு என்று ஒரு வாரம் விடாமல் பிடித்துக்கொண்டாள். மதுரையில் ஒரு ஏஜென்சிப் பிள்ளை, "இங்கிலீஷ் எவ்ளோ க்ளீனா இருக்கு பாருங்க, தமிழ் மட்டும் ஏன் சார் இப்படி பொதபொதன்னு வழியுது?" என்று கேட்டான், ஏதோ குணாளன்தான் சதை போட வைத்தது மாதிரி. கரூர்க்காரர் ஒருவர் கழிப்பறையிலிருந்துதான் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். குறையைச் சொல்லி முடிக்கும்போது பின்னால் தண்ணீர் இறங்கும். இதையெல்லாம் அன்றன்றைக்கு ஆங்கிலத்தில் குறித்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். எட்டாவது வரைக்கும் தமிழில் படித்துவிட்டு ஒன்பதாவதில் ஆங்கிலத்துக்குத் தாவினவன் அவன். எந்த மொழியில் எதைச் சொன்னால் நாற்றம் அடிக்காது என்று நன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாமே ஒரு இஷ்யூ, எல்லாமே ரிசால்வ்டு. தமிழில்தான் அருவருப்பு என்றும் குமட்டல் என்றும் ஓங்கரிப்பு என்றும் வயிற்றின் ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் இருக்கிறது. இன்றைக்கு ஓங்கரிப்புக்கு ஒரு படி கீழே. காரணம், காதுக்குள் ஒருவன் மிக்சர் தின்கிறான்.

ரத்தினவேல், கடைக்காரன். மூன்று வருஷமாகப் போனில் பழக்கம், முகம் தெரியாது, பல் நன்றாகத் தெரியும். ஹெட்போன் வழியாக ஒவ்வொரு கடலையும் உடைகிற சத்தம், பிறகு நாக்கு கடைவாயைத் துழாவுகிற சத்தம், பிறகு பேச்சு. "சார், எழுத்தெல்லாம் பேய் பாஷை பேசுது சார். நான் போட்டது சுத்தத் தமிழ், வர்றது என்னன்னா டிபியூ கேஐஒய்யுங்குது. ஆபரேட்டர் பொண்ணு லீவு. சிஸ்டம் வேற புதுசு மாத்துனேன். நாலு மணிக்குள்ள மெஷினுக்கு ஃபைலைத் தள்ளணும், நாளைக்கு எங்க ஏரியால மெயின்டனன்ஸ், காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் கரன்ட் கிடையாது." குணாளனின் எண்ணெய்க் குரல், "பாத்துரலாம் சார், அஞ்சு நிமிஷம்" என்றது. ஃபான்ட் ஃபோல்டரைத் திறந்தான். திறந்த வேகத்தில் மூடிவிடலாம் போல் இருந்தது. ஆயிரக்கணக்கில். யார் யார் பென்டிரைவிலிருந்தோ, எந்தெந்த இணையதளத்திலிருந்தோ அள்ளிக் கொட்டியது. ஒரே பெயரில் ஆறு ஃபான்ட், ஆறுக்குள்ளும் எழுத்துகள் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். மாதக்கணக்கில் பல் தேய்க்காத வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது மாதிரி. இந்தக் கடைக்காரர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. பழைய தமிழ் ஃபான்ட் என்பது ஒரு சட்டைதான், சார். உள்ளே உடம்பு ஆங்கில எழுத்து. கீபோர்டில் ஏதோ ஒரு ஆங்கில எழுத்தைத் தட்டுகிறீர்கள், ஃபான்ட் அதன்மேல் தமிழ்ச் சட்டையை மாட்டிக் காட்டுகிறது. சட்டை தொலைந்தால் உள்ளே இருக்கிறது அம்மணமாக நிற்கும். புரியுதுங்களா சார்? "புரியுது சார், மொதல்ல சட்டைய மாட்டி விடுங்க" என்பார்கள். ஆறையும் நீக்கிவிட்டு ஒழுங்கான ஒன்றைத் தன் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினான். முழுத் தொகுப்பும் போக வேண்டும். திரையில் பச்சைக் கோடு ஒன்று எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தது. முசிறியில் நெட் எப்போதும் இப்படித்தான். இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை. காத்திருக்க வேண்டும், மிக்சரைக் கேட்டுக்கொண்டு.

அருவருப்பை சிங்கப்பூர்தான் கற்றுக்கொடுத்தது என்று அவன் நெடுநாள் நினைத்திருந்தான். அங்கே பலகை, அறிவிப்பு, விளம்பரம் செய்கிற ஒரு சின்ன நிறுவனம். தமிழ் வருகிற இடத்தையெல்லாம் அவன்தான் பார்ப்பான். சுவரில் எலுமிச்சை வாசனை சோப்பு, அழுத்தினால் நுரையாகவே வரும். அந்த நுரைக்குப் பழகிய கை ஊருக்கு வந்து பஸ் கம்பியைப் பிடிக்க யோசித்தது. நிறுவனத்தை இழுத்து மூடினார்கள், வந்தான், மூன்று வருஷம் ஆகிறது, கை இன்னும் யோசிக்கிறது. ஆனால் இப்போது இந்த மெல்லுகிற சத்தத்தில் தொண்டைக்குள் ஏறி வருகிறதே, இது சிங்கப்பூர்ச் சரக்கு கிடையாது, இதற்கு வயது அதிகம். இது பெரியப்பாவின் கைக்குட்டை. ஒன்பதாவதுக்கு முசிறியில் இங்கிலீஷ் மீடியம் என்று அப்பா அவனைப் பெரியப்பா வீட்டில் விட்டார். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற முறை அவனுக்கும் தனசேகருக்கும். பெரியப்பாவின் மகன் தனசேகர், இவனுக்கு இரண்டு வயது மூத்தவன், சட்டைகளை எடுத்துக்கொண்டு கைக்குட்டைகளை இவன் பக்கம் தள்ளிவிடுவான். "நீதான்டா விருந்தாளி, ஒனக்குத்தான் ஸ்பெஷல்." நனைத்தால் வழவழவென்று விரியும் பொடிச் சளி, பழுப்பு நூலாகத் தண்ணீரில் நீளும், விரலை விடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற கல்மேலேயே வாந்தி எடுத்துவிட்டான். தனசேகர் கைகொட்டிச் சிரித்தான். நிமிர்ந்தபோது பெரியப்பா கிணற்றடிக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார், ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணிமூட்டையில் கைக்குட்டை இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கொடியில் மட்டும் காய்ந்துகொண்டிருக்கும், விடியும்போதே. யார் துவைத்தது என்று அப்போது அவன் யோசிக்கவில்லை. தப்பித்தோம் என்று மட்டும் இருந்தது. தப்பித்தோம் என்கிற அந்தச் சின்ன இனிப்பு, நாக்கடியில், அதே இனிப்பு புதன்கிழமையும் வந்ததே. வேண்டாம், புதன்கிழமை வேண்டாம். பச்சைக் கோடு பாதிகூட வரவில்லை. ரத்தினவேல் தண்ணீர் குடித்தான். தொண்டைக்குள் ஒவ்வொரு மடக்கும் இறங்குவது கேட்டது.

சும்மா இருக்க முடியாமல் திறந்து கிடந்த ஃபைலைப் பார்த்தான். மேகம், மேகத்துக்குள் படிக்கட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மூலையில் புறா. சாவு ஃப்ளெக்ஸ். நடுவில் படம் வருகிற இடம் இன்னும் வெறும் சாம்பல் கட்டம். எழுத்தெல்லாம் அம்மணமாக, ஆங்கிலக் குப்பையாக நிற்கிறது. கடைக்காரனுக்குத்தான் அது பேய் பாஷை. குணாளனுக்குப் பல வருஷப் பழக்கம், எந்த ஆங்கில எழுத்துக்கு மேல் எந்தத் தமிழ்ச் சட்டை வரும் என்று விரலுக்கே தெரியும், சட்டை இல்லாமலும் ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடுவான். படிக்க வேண்டும் என்று படிக்கவில்லை, பஸ்ஸில் போகிறவன் கடைப் பெயர்களைப் படிப்பது மாதிரி கண் ஓடியது. கண்ணீர் அஞ்சலி. சரி. டி, பி, யூ, கே, ஐ, ஒய், வீரமலை. சரி. பெரியப்பா பேருதான், அந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு வீரமலை உண்டு. கீழே, மின்வாரியம், ஓய்வு. கண் அங்கே நின்றது. நின்று, திரும்ப மேலே போய், இனிஷியலைப் பார்த்தது. கோ. கோவிந்தன் மகன். தாத்தா பெயர் கோவிந்தன். எப்போது? ஏன் யாரும் சொல்லவில்லை? எப்போது? எழுத்து எல்லாம் சிதைந்து கிடக்கிற அந்த ஃப்ளெக்ஸில் யாரும் படிக்கக்கூடியதாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது, எண்கள். பழைய ஃபான்ட்களில் எண்ணுக்குச் சட்டை கிடையாது, ஃபான்ட் இருந்தாலும் போனாலும் எண் எண்ணாகவே நிற்கும். இடது பக்கம் 4.3.1943. வலது பக்கம் 15.6.2025. திரையின் ஓரத்தில் கம்ப்யூட்டரே காட்டுகிறது இன்றைக்கு என்ன தேதி என்று. பதிமூன்று. அவன் பதினைந்தைப் பார்த்தான், பதிமூன்றைப் பார்த்தான், மறுபடி பதினைந்தைப் பார்த்தான். கடைக்காரன் தவறு. இவர்கள் பழைய ஃபைலில் மாற்றிப் போடுகிறவர்கள், வேறு யாருடைய தேதியோ தங்கியிருக்கும். "சார்," என்றான், எண்ணெய் கொஞ்சம் குறைந்திருந்தது குரலில், "மறைவுத் தேதி தப்பா இருக்கு பாருங்க. பதினஞ்சுன்னு இருக்கு." மெல்லுகிற சத்தம் நின்றது. "அட, அத எப்படி சார் படிச்சீங்க? ஓ, நம்பரா. இல்ல சார், தேதி கரெக்ட்டுதான். பார்ட்டி சொன்ன தேதி." "இன்னிக்கு பதிமூணு சார்." "ஆமா சார், ஆளு இன்னும் இருக்காரு" என்றான் ரத்தினவேல், டீ இன்னும் வரவில்லை என்று சொல்கிற மாதிரி. "திருச்சில ஆஸ்பத்திரில, மெஷின்ல. நாளைக்கு சனி, வீட்டுப் பொம்பளைங்க ஒத்துக்கமாட்டாங்க. துபாய்லேருந்து பேத்தி வேற வரணும். ஞாயித்துக்கெழம காலைல மெஷின எடுக்குறாங்க. பாடி ஊருக்குள்ள நொழையும்போது பஸ் ஸ்டாண்டு, ரவுண்டானா, தெருமுக்கு எல்லாத்துலயும் ஃப்ளெக்ஸ் நிக்கணும்னு தனசேகர் அண்ணன் கண்டிசனா சொல்லிட்டாரு. போன மாசம் ஒருத்தர் மாமனாருக்குப் பாடி வந்து ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் சார் ஃப்ளெக்ஸ் வந்துச்சு. ஊரே சிரிச்சுது. அதான், முன்னாடியே ரெடி பண்ணி வெச்சுக்கறது. எல்லாருந்தான் பண்றாங்க." திரையின் இடது பக்கம் ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன. அஞ்சலி ஆண். அஞ்சலி பெண். அஞ்சலி விபத்து. அஞ்சலி ரெடி. ரெடி என்பதற்குள் பெரியப்பா மட்டுமா இருப்பார் என்று தோன்றியது. இன்னும் எத்தனை பேர் முசிறியில் காலையில் எழுந்து காபி குடித்துவிட்டு, தேதி மட்டும் பாக்கியாக, அதற்குள் படுத்திருக்கிறார்கள். அவன் திறக்கவில்லை.

வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முந்தின புளித்த எச்சில். மெஷினை எடுப்பதில் தப்பு என்ன என்று மனசின் ஒரு மூலை நியாயமாகவே கேட்டது; டாக்டர்களே கைவிட்டிருப்பார்கள், எண்பத்திரண்டு வயசு, அந்த மனுஷனுக்கு அவஸ்தைதான் மிச்சம். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஃப்ளெக்ஸுக்குச் சொல்லிவிட்டுத் தனக்குச் சொல்லவில்லையே. ஃபைலின் மேல் மௌஸை வைத்தான், வெறும் பழக்கம், உருவான நாள் என்று கம்ப்யூட்டர் எழுதிக் காட்டியது: புதன்கிழமை. புதன்கிழமை மத்தியானம் தனசேகரிடமிருந்து வாட்ஸப் வந்தது, போனை எடுத்து மறுபடி படிக்க வேண்டியதே இல்லை, ஒவ்வொரு எழுத்தும் இருக்கிறது உள்ளே. "அப்பா நல்லா தேறி வர்றாரு. நேத்து பேரு சொல்லிக் கூப்பிட்டா கண்ணத் தொறந்து பாத்தாரு. ஐசியூல யாரையும் உடல. நீ அலைய வேணாம். வார்டுக்கு மாத்துனதும் சொல்றேன்." அதைப் படித்ததும் குணாளன் என்ன செய்தான்? கட்டைவிரலை அனுப்பினான். மஞ்சள் நிறத்தில் நிமிர்ந்து நிற்கிற ஒரு கட்டைவிரல். அனுப்பிவிட்டு, தப்பித்தோம் என்று இருந்தது, நாக்கடியில் அந்த இனிப்பு. ஆஸ்பத்திரி இங்கிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். பெரியப்பா அங்கே சேர்ந்து ஒன்பது நாளோ பத்து நாளோ ஆகிறது. தினம் அந்தப் பக்கமாகத்தான் காய்கறிக்குப் போகிறான். பினாயில், அதற்கடியில் மூத்திரம், டியூப் போட்ட வாய், வாயோரத்தில் காய்ந்த வெள்ளை, இதையெல்லாம் பார்க்காமலே பார்த்து, பார்த்ததற்கே குமட்டி, சிக்னலில் வலது பக்கம் திரும்பிவிடுவான். யாரையும் விடவில்லை என்கிறார்களே. அலைய வேண்டாம் என்கிறார்களே. தனசேகரை அருவருப்பதற்கு அவனுக்கு என்ன யோக்யதை? தனசேகர் பொய் சொன்னான், இவன் அந்தப் பொய்யை இரண்டு கையாலும் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நேற்று பேர் சொல்லிக் கூப்பிட்டதும் கண்ணைத் திறந்து பார்த்தாராம். யார் பேரைச் சொல்லி? அவர் பேரையா, கூப்பிட்டவர் பேரையா? பார்த்தார் என்றால் யாரைப் பார்த்தார், யார் யார் இல்லை என்று பார்த்தாரா? இது பொய்யாகவும் இருக்கலாம். பொய்யில் எந்த வரி நிஜம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த ஃபான்ட் போட்டுப் படிப்பது?

"சார், சார், வந்துருச்சு சார்!" ரத்தினவேல் கத்தினான். பச்சைக் கோடு முடிந்திருந்தது. ஃபைலை மூடித் திறக்கச் சொல்லாமலே குணாளனின் கை மூடித் திறந்தது. எழுத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் சட்டை போட்டுக்கொண்டன. கண்ணீர் அஞ்சலி என்று மேலே வளைவாக, சிவப்பில் மஞ்சள் ஓரம். வீரமலை. வகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவில் இடைவெளி அதிகம், ஒரு ஆள் நுழையலாம். அவன் கை அதைச் சரிசெய்யப் போனது, போய்விட்டது, இரண்டு தட்டு தட்டி நெருக்கியும் விட்டது, அதற்கப்புறம்தான் கையை மௌஸிலிருந்து எடுத்தான், சூடுபட்டது போல. கீழே பொடி எழுத்தில் துயரத்துடன் என்று பெயர்கள் அடுக்கடுக்காக. மகன் தனசேகர், பெயருக்கு முன்னால் இரண்டு பட்டம். மருமகள், பேரன், பேத்தி. மூன்றாவது வரிசையில், தம்பி மகன் குணாளன் (சிங்கப்பூர்). அவன் திரும்பி வந்து மூன்று வருஷம் ஆனது தனசேகருக்குத் தெரியும், திருச்சியில் வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கரே தனசேகர் அனுப்பின ஆள்தான். ஆனாலும் அடைப்புக்குறிக்குள் சிங்கப்பூர். திருச்சி என்று போட்டால் ஃப்ளெக்ஸுக்கு என்ன கம்பீரம்? "படம் லோட் ஆகுது சார், பாருங்க, சூப்பரா பண்ணிருக்கா பொண்ணு" என்றான் ரத்தினவேல். சாம்பல் கட்டம் மேலிருந்து கீழாக நிறைந்தது. தலைமுடி, நெற்றி, கண். பெரியப்பாதான். கழுத்துக்குக் கீழே அவர் இல்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு, அகலமான, இளமையான யாருடைய தோளோ. "ஒரிஜினல்ல பனியனோட இருந்தாரு சார், அதான் நம்ம ஸ்டாக் உடம்பு ஒண்ண வெச்சாச்சு. வெள்ளச்சட்ட உடம்பு. எல்லாருக்கும் பொருந்தும்." முகத்தை வெளுத்திருந்தார்கள், கன்னத்தில் ரோஸ் தடவியிருந்தார்கள், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் ஆயுசு முழுக்க இருந்த பொடிக் கறையைத் துடைத்து வழித்து, மொழுமொழுவென்று, பிறந்த குழந்தைக்குப் போல ஆக்கியிருந்தார்கள். குணாளனுக்கு இத்தனை நேரம் வராத ஓங்கரிப்பு அதைப் பார்த்துத்தான் வந்தது. கறையைப் பார்த்து வராமல் கறை இல்லாததைப் பார்த்து. அந்த மூக்கு அவருடையது இல்லை, அந்த மூக்கு யாருடைய வீட்டுக்குள்ளும் போனதில்லை. செருப்ப வாசல்ல விடு, கூடவே மூக்கையும் விட்டுட்டுப் போ. வீடுன்னா எல்லாந்தான் இருக்கும். மூக்கை. தும்மல் நின்றுவிட்டிருந்தது. ஹெட்போனில் கடலை மறுபடி உடைந்தது, உடையட்டும் என்று இருந்தது.

"கர்வ் அடிச்சிருங்க சார், அப்பத்தான் மெஷின்ல போயி எழுத்து மாறாது" என்றான் ரத்தினவேல். கர்வ் அடிப்பது என்றால் எழுத்தைப் படமாக்கிவிடுவது. அதற்கப்புறம் எந்த ஃபான்ட்டும் வேண்டாம், எந்த மெஷினும் மாற்றாது, யார் நினைத்தாலும் திருத்தவும் முடியாது. மூன்றரை தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் நாலு மணி என்று வாசலில் பெரிய பலகை இருக்கிறது, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் படித்திருக்கிறான், சின்னப் பலகையும் ஒன்று உண்டு, காலணிகளை வெளியே விடவும் என்று. ஐசியூவுக்குள் விடுவார்களா? கேட்டுப் பார்த்தால்தானே தெரியும், பத்து நாளாக அவன் கேட்டதில்லை. ரத்தினவேலிடம் கத்தலாம், இவர் என் பெரியப்பாடா என்று. அவன் ஐயோ சார், ஸாரி சார் என்பான், அடுத்த நிமிஷமே தனசேகருக்குப் போன் போகும், தனசேகர் தயாராக ஒரு பதில் வைத்திருப்பான், அதையும் இரண்டு கையால் வாங்க வேண்டியிருக்கும். "ரத்தினவேல் சார்," என்றான். எண்ணெய் இல்லாத குரல், அவனுக்கே அறிமுகமில்லாதது போல ஒலித்தது. "தேதிய நான் எடுத்துடுறேன். அன்னிக்கு ஆனதும் நீங்களே போட்டுக்குங்க, நம்பருக்கு எந்த ஃபான்ட்டா இருந்தாலும் ஓடும்." "ஐயையோ, என்ன சார் வெளாடுறீங்க! ஞாயித்துக்கெழம காலைல நான் மெஷின் ஓட்டிட்டிருக்க முடியுமா? நீங்க ஃபான்ட் பாக்க வந்தீங்களா, எமன் வேலை பாக்க வந்தீங்களா?" "எமன் வேலைய நீங்க பாத்துட்டீங்க சார். நான் ஃபான்ட் மட்டுந்தான் பாக்குறேன்." மிக்சர் பொட்டலத்தை மடித்து வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "உங்க மேனேஜர் நம்பர் குடுங்க சார்" என்றான் ரத்தினவேல். குணாளன் நம்பரைக் கொடுத்தான், மெதுவாக, இரண்டு முறை, எழுதிக்கொள்ள வசதியாக.

தேதியை அழித்தான். அடைப்புக்குறியையும் சிங்கப்பூரையும் அழித்தான். மற்றதை எல்லாம் கர்வ் ஆக்கி, ஃபைலை சேவ் செய்து, இணைப்பைத் துண்டித்தான். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.